வராதவன் கட்டிய அபராதம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். வாசிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பால் நோட்டில் லிட்டர் கணக்கும், கோர்ட்டில் மற்றவர்களுடைய பெயர்களும்தான். பெரிய ற வர வேண்டிய இடத்தில் சின்ன ர போடுவேன். வரி வலது பக்கம் போகப் போக மேலே ஏறிவிடும். பத்து வருஷமாக என்னிடம் டீ குடிக்கும் ஒரு வக்கீல் குமாஸ்தா, “நீரு பாட்டுக்கு எழுதும்வே, பிழையெல்லாம் நான் திருத்தித் தாரேன்” என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

வேறு யாருடைய பெயரையும் இதில் எழுதப்போவதில்லை. எந்தக் கோர்ட், எந்த ஸ்டேஷன் என்பதும் வேண்டாம். தென்காசியைச் சுற்றி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் குத்துக்கல்வலசையில் வீடு. கோர்ட்டுச் சுவரை ஒட்டி ரோட்டோரம் டீக்கடை. கடை என்றால் நாலு சக்கரத் தள்ளுவண்டி, மேலே ஒரு தார்ப்பாய். அங்கே நிறுத்திக்கொள்ள என்னிடம் எந்தக் காகிதமும் கிடையாது. கோர்ட் டியூட்டி ஏட்டு கண்டுகொள்ளாமல் இருந்ததால் வண்டி நின்றது. ஸ்டேஷன் கேஸ் கட்டுகளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவருவதும் ஆட்களை ஆஜர்படுத்துவதும் அவர் வேலை.

குற்றால சீசன் வந்தால் பெட்டி கேஸ் குவியும். குடித்துவிட்டு அருவிக்கரையில் சத்தம் போட்டது, வண்டியை நடுரோட்டில் நிறுத்தியது, போலீஸ்காரரை எதிர்த்துப் பேசியது, இந்த மாதிரி சின்னக் கேஸ்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஜட்ஜ் ஐயா அபராதம் சொல்வார். கட்டினால் அன்றைக்கே முடிந்துவிடும். ஆனால் அருவியில் குளிக்க வந்தவன் கொல்லத்துக்காரனாக இருப்பான், மதுரைக்காரனாக இருப்பான். சில நூறு ரூபாய் அபராதம் கட்டவென்று மூன்று வாரம் கழித்து மறுபடி பஸ் ஏறி வருவானா? காசை அப்போதே கொடுத்துவிட்டுப் போய்விடுவான். காசு இருக்கும், கூண்டில் நிற்க ஆள் இருக்காது. ஆள் நிற்காமல் கேஸ் முடியாது. கேஸ் முடியாமல் காசைக் கட்ட முடியாது. மாதக் கடைசியில் எத்தனை முடித்தாய், எவ்வளவு வசூல் என்று மேலே இருந்து கேட்பார்கள்.

அந்தப் பெயருக்கு நான் போய் நிற்பேன்.

முதல் தடவை ஏட்டு என்னைக் கூப்பிட்டது நினைவிருக்கிறது. டீ கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

“ஏலே, ஒரு சட்டையை மாட்டிக்கிட்டு உள்ள வா. பேரைக் கூப்பிட்டா ஆமான்னு சொல்லு. கேட்டா ஒத்துக்கிடுதேன்னு சொல்லு.”

“என் பேரு அது இல்லையே ஏட்டய்யா.”

“ஒம் பேரை யாருலே கேட்டா?”

நான் கூச்சக்காரன். கல்யாண வீட்டில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கக் கூட வாய் வராது. பெண் பார்க்கப் போன இடத்தில் பெயர் கேட்டபோது என் அம்மாதான் சொன்னாள். பிறகு அந்தச் சம்பந்தம் அமையவில்லை, வேறு எதுவும் அமையவில்லை. ஆனால் கூண்டில் ஏறி நின்றதும் எனக்கு ஒன்று புரிந்தது. அங்கே வெட்கம் எல்லாம் அந்தப் பெயர்க்காரனுக்குத்தான். எனக்கு ஒன்றுமில்லை. தலையை நிமிர்த்தி, “ஒத்துக்கிடுதேன் ஐயா” என்று கணீரென்று சொன்னேன். என் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அது எனக்குப் பிடித்திருந்தது.

அதற்கென்றே ஒரு சட்டை வைத்திருந்தேன். பாவூர்சத்திரம் சந்தையில் பிளாட்பாரக் கடையில் எடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை. தள்ளுவண்டியின் ஆணியில் தொங்கும். டீக்காரன் இடுப்புத் துண்டை அவிழ்த்துவிட்டு அந்தச் சட்டையைப் போட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது. ஆபீஸில் இருப்பவர்களுக்குத் தெரியுமா என்றால், தெரியும் என்றும் சொல்லலாம், தெரியாது என்றும் சொல்லலாம். ஜட்ஜ் ஐயாமார் மாறிக்கொண்டே இருந்தார்கள். கட்டுக்கு மேல் கட்டு இருக்கும். அவர்கள் நிமிர்வதற்குள் நான் இறங்கியிருப்பேன். பிறகு ஒரு தாளில் அந்தப் பெயரைக் கையெழுத்தாகப் போடுவேன். ஏட்டு கொடுத்த காசைக் கட்டி ரசீது வாங்கி அவரிடமே கொடுப்பேன். தப்பு செய்தவன் செய்தான், அவன் காசுதான், அரசாங்கத்துக்குத்தான் போகிறது, நடுவில் யாரும் ஒரு பைசா தின்னவில்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். கோர்ட்டு ஹாலில் சுற்றுகிற ஃபேனைப் பார்க்கும்போது, இது நான் கட்டின அபராதத்தில் வாங்கினதாக இருக்கும் என்று கூட நினைப்பேன்.

போன வருஷம் ஆடியில் சாரல் விடவே இல்லை. பகல் பதினொரு மணிக்கும் ஹாலில் லைட் போட்டிருந்தார்கள். அன்றைக்கு ஒரே ஒரு பெயர். ஏட்டு காசையும் பெயர் எழுதின துண்டுச் சீட்டையும் காலையிலேயே கொடுத்துவிட்டு, மெயினருவியில் வெள்ளம், பந்தோபஸ்துக்குக் கூப்பிட்டார்கள் என்று போய்விட்டார்.

டவாலி வாசலில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டார். வழக்கமாக முதல் கூப்பாட்டுக்கே போய்விடுவேன். அன்றைக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இரண்டாவது தடவை கூப்பிட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தேன். மூன்றாவது தடவை கூப்பிட்டு அவர் வாயை மூடவில்லை, “இருக்கேன்” என்று ஒரு குரல் கேட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதனால் அது என் குரலாகத்தான் இருக்க வேண்டும். இன்று வரை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

கூண்டில் ஏறினேன். அன்றைக்கு அதுதான் முதல் கேஸ், எனக்கு முன்னால் யாரும் ஏறவில்லை. கூண்டின் பலகையில் இரண்டு பாதம் ஈரமாக இருந்தது. செருப்புத் தடம் இல்லை, வெறுங்கால். விரல் விரலாகத் தெரிந்தது. பெருக்குகிற அம்மா ஈரத்துணியால் துடைத்திருப்பாள் என்று நினைத்தேன். துடைத்தால் பாதம் மாதிரியா ஈரம் நிற்கும்? நிற்க வேறு இடமும் இல்லை. செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் கூண்டில் ஏறுவது. அந்த ஈரத்தின் மேலேயே என் கால்களை வைத்தேன். அளவு சரியாக இருந்தது.

“குற்றாலத்துல குடிச்சிட்டு ரகளை பண்ணுனீங்களா? ஒத்துக்கிறீங்களா?”

“ஒத்துக்கிடுதேன் ஐயா.”

கீழே இறங்கிக் கையெழுத்துப் போட்டேன். கடைசியில் பேனா தாளைக் குத்திவிட்டது. “ஏன்வே, தாளை ஓட்டை போடுதீரு? இதுக்கும் ஒரு ஃபைன் போடவா?” என்று கிளார்க் சிரித்தார். நானும் சிரித்தேன். காசைக் கட்டி ரசீது வாங்கினேன். கொடுக்க ஏட்டு இல்லை. நனையாமல் இருக்க ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையில் ரசீதைச் சொருகினேன். வெள்ளம் வடிந்து ஏட்டு திரும்பி வந்தபோது அவரும் கேட்கவில்லை, நானும் மறந்துவிட்டேன்.

அதுவரை நான் நின்ற பெயர்கள் எதுவும் சாயங்காலம் வரை கூட நினைவில் தங்கியதில்லை. இந்தப் பெயர் தங்கியது. பஸ் ஸ்டாண்டில் யாராவது யாரையாவது அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன். நாட்டில் இல்லாத பெயரா அது? ஆயிரம் பேருக்கு இருக்கும். ஆனாலும் திரும்பினேன்.

புரட்டாசியில் ஒரு காலை, இஞ்சியும் ஏலக்காயும் வாங்கப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போனேன். வேறு சட்டை காயாததால் நீலச் சட்டையைப் போட்டிருந்தேன். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் நடந்து போகும்போது பின்னாலிருந்து முதுகில் ஓங்கி ஓர் அடி விழுந்தது.

“ஏலே! எங்கலே போய்த் தொலைஞ்ச இத்தனை நாளா?” என்று அந்தப் பெயரைச் சொன்னான் ஒருத்தன்.

நான் திரும்பியதும் அவன் முகம் செத்துப்போயிற்று. மூட்டை தூக்குகிறவன், தலையில் சும்மாடு. “மன்னிச்சிரும் அண்ணாச்சி” என்றான். “சட்டையும் நடையும் அப்படியே நம்ம கூட்டாளி ஒருத்தன் மாதிரி இருந்துச்சு. எலுமிச்சை கொண்டுவருவான். ஆனிக் கடைசியில குத்தாலத்துக்குக் குளிக்கப் போனவன், ஆளையே காணல.”

நான் இஞ்சி வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

தீபாவளி முடிந்து ஒரு திங்கட்கிழமை ஓர் அம்மா வந்து கடை முன்னால் நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் பீடி இலை கட்டுகிற துணிப்பை. வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஊர் என்றாள். கோர்ட்டில் ஒரு கேஸ் கட்டின் நகல் வேண்டும், உள்ளே ஸ்டாம்ப் ஒட்டிக் கொண்டுவா என்கிறார்கள், ஸ்டாம்ப் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். ஸ்டாம்ப் விற்கிறவர் சாப்பிடப் போயிருந்தார். உட்காரச் சொல்லி டீ கொடுத்தேன். அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் வீட்டுக்காரர் குத்தகைக்கு எலுமிச்சைத் தோட்டம் பார்த்தவர். ஆனிக் கடைசியில் மார்க்கெட்டில் மூட்டையைப் போட்டுவிட்டு, கூட்டாளிகளோடு குற்றாலம் போயிருக்கிறார். குடித்திருக்கிறார். போலீஸ்காரர்கள் கேஸ் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கு வரவில்லை. கேரளாவுக்கு மிளகு பறிக்க, மூட்டை தூக்க என்று சொல்லாமல் கிளம்பி ஒரு மாதம் கழித்து வருவது அவருக்குப் பழக்கம் என்பதால் இவள் காத்திருந்தாள். ஆவணி பிறந்ததும் பயம் வந்து போலீஸில் எழுதிக் கொடுத்தாள். அங்கே தேடிப் பார்த்தார்கள். அவர் காணாமல் போன நாலாம் நாள் சிற்றாற்றுத் தடுப்பணையில் ஓர் ஆண் உடம்பு ஒதுங்கி, யாரும் வராததால் புதைத்திருக்கிறார்கள். புதைக்கும் முன் எடுத்த போட்டோவைக் காட்டத்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

“ஃபைலைத் தொறந்துட்டாக. தொறந்தவரு பக்கத்துல ஒருத்தரு கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, வேண்டாம் மூடும்னு சொல்லிட்டாரு” என்றாள். “ஆடியில இவரு இந்தக் கோர்ட்டுக்கு வந்து ஃபைன் கட்டியிருக்காராம். கையெழுத்து இருக்காம். செத்தவன் வந்து கையெழுத்துப் போடுவானாம்மா, ஒம் புருஷன் ஒன்னைப் பிடிக்காம எங்கயோ இருக்கான், போய் வேலையைப் பாருன்னு சொல்லுதாக.”

நான் கையில் வைத்திருந்த வடிகட்டியிலிருந்து டீ என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. சூடு தெரியவில்லை.

“எங்க மாமியாருக்கு இப்ப நான்தான் வில்லி. நீ வாய் பேசித்தான் எம்மவன் ஓடிட்டான்னு சொல்லுதா. நான் என்னத்த வாய் பேசினேன்? குடிக்காதீகன்னு சொன்னேன்.” பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். “அண்ணாச்சி, நீங்க தெனம் இங்கனதான நிக்கீக. ஆடியில இவரைப் பாத்தீகளா?”

நீலக் கட்டம் போட்ட சட்டை. மீசையை ஒதுக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

“பாத்ததில்லம்மா” என்றேன். அவ்வளவு உண்மையான பதிலை நான் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அதை விடப் பெரிய பொய்யும் சொன்னதில்லை.

ஸ்டாம்பு நானே போய் வாங்கி வந்தேன். காசு வேண்டாம் என்றேன். அவள் எண்ணி வைத்துவிட்டுத்தான் போனாள்.

நகல் கிடைக்க இரண்டு மூன்று தடவை அலைந்தாள். கிடைத்த அன்று நேராக என் கடைக்கு வந்தாள். முகம் அப்படி ஒரு வெளிச்சமாக இருந்தது. நகலையும் ஒரு பாங்க் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“பாருங்க. அவரேதான். பேருக்குக் கீழ ஒரு கோடு போடுவாரு. கோட்டோட கடைசியில ஒரு புள்ளி. பேனாவை வச்சு அமுக்குவாரு, தாளே ஓட்டையாயிரும். அஞ்சாப்புதான் படிச்சவரு. வாத்தியாரு ஒருத்தரு அப்படிப் போடச் சொன்னாராம்.”

பார்த்தேன். இரண்டும் ஒரே கைதான். எழுத்து இடது பக்கம் சாய்ந்திருந்தது. கீழே கோடு. கோட்டின் முடிவில் புள்ளி. நான் அப்படி எழுதுகிறவன் இல்லை. என் எழுத்து மேலே ஏறும், கோடு போட மாட்டேன். ஆனால் அந்தத் தாளில் எழுதியது நான். கிளார்க் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. அந்தக் கோட்டை எப்போது போட்டேன் என்பது மட்டும் ஞாபகம் இல்லை.

“ரசீது நம்பரும் இதுல இருக்கு அண்ணாச்சி. ரசீது கட்டினவங்க கையிலதான் இருக்கும்னு கிளார்க் சொன்னாரு. அவருகிட்டதான் இருக்கும். வரும்போது கொண்டுவருவாரு.”

அதிலிருந்து மாதம் ஒரு தடவை வர ஆரம்பித்தாள். ஒரு தடவை வந்தவர் மறுபடி வருவார் என்று அவளுக்கு எண்ணம். காலையில் வந்து வராந்தாத் தூணில் சாய்ந்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும்போதும் போகிற ஆளின் முகத்தைப் பார்ப்பாள். சாயங்காலப் பஸ்ஸில் போவாள். நான் பெயருக்கு நிற்பதை நிறுத்திவிட்டேன். இடுப்பு வலி என்று ஏட்டிடம் சொன்னேன். “கூண்டுல நிக்க இடுப்பு எதுக்குலே?” என்றார்.

மாசியில் ஆடிட் வந்தது. மூன்று பேர் பெட்டியோடு வந்து உட்கார்ந்து ரசீது புத்தகத்தையும், பாங்கில் கட்டின செல்லானையும், அபராத ரிஜிஸ்டரையும் ஒன்றோடு ஒன்று ஒத்துப் பார்த்தார்கள். நான் டீ கொண்டுபோனேன். அதிகாரி அம்மா ஒருத்தர் விரலால் வரி வரியாக இறங்கிக்கொண்டே, “பெட்டி கேஸ்ல ஒரு பாக்கி கூட இல்லையே. மத்த இடத்துல பாதிப் பேர் வரவே மாட்டான்” என்றார்.

“எங்க ஊர்த் தண்ணி அப்படி மேடம். வந்து குளிச்சவன் எல்லாம் யோக்கியனாயிருவான்” என்றார் கிளார்க். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே அவள் தூணில் சாய்ந்து நின்றாள். மூன்றாம் நாள் கணக்கை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு ரூபாய் குறையவில்லை. ஓர் ஆள் குறைவதைப் பார்க்க அந்த ரிஜிஸ்டரில் கட்டம் கிடையாது.

அன்றைக்கே ஏட்டிடம் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்தார்.

“ஏலே, அந்தப் பயலை எனக்கு ஞாபகம் இருக்கு. அன்னைக்கு எனக்கும் அருவிக்கரையில பந்தோபஸ்து. காசைக் கொடுத்துட்டு ஆத்துப் பக்கமா நடந்தான். ரோடு இந்தப் பக்கம்னு கத்துனேன். மழையில காதுல விழல போல.” தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, “நான் ஒரு பைசா தின்னேனாலே?” என்றார்.

“இல்ல ஏட்டய்யா.”

“பின்ன? வாயைத் தொறந்த, ஆள்மாறாட்டம். நீ உள்ள, நானும் உள்ள. ஒன் வண்டி குப்பையில. எனக்கு இன்னும் மூணு வருஷ சர்வீஸ்லே.” மிரட்டுகிற மாதிரி ஆரம்பித்தவர் கெஞ்சுகிற மாதிரி முடித்தார்.

அடுத்த மாதம் அவள் வந்தபோது, மத்தியானம் கோர்ட்டு சாப்பாட்டுக்குக் கலைந்த நேரத்தில் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“அன்னைக்கு வந்தது அவரு இல்லம்மா. நான். அந்தக் கையெழுத்து நான் போட்டது.”

அவள் என்னையே பார்த்தாள். “போட்டுக் காட்டுங்க” என்றாள்.

பிஸ்கட் அட்டையைக் கிழித்து அந்தப் பெயரை எழுதினேன். என் எழுத்து வந்தது. மேலே ஏறிக்கொண்டு, கோடு இல்லாமல். கோடு போட்டு மறுபடி எழுதினேன். பிள்ளைகள் அப்பா கையெழுத்தைப் போட்டுப் பார்த்த மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை புள்ளியை அமுக்கினேன். பேனா முனை உடைந்தது, அட்டை ஓட்டையாகவில்லை.

“இது இல்ல” என்றாள். பிறகு மெதுவாக, “போலீஸ்காரக சொல்லச் சொன்னாகளா? நான் மாசாமாசம் வந்து நிக்கது கண்ணை உறுத்துதோ? அவரு செத்துட்டாருன்னு நம்பிட்டா நான் வரமாட்டேன்னு நெனைக்கியளா?” என்றாள். “ஒங்களைப் போயி நல்லவருன்னு நெனைச்சேன் அண்ணாச்சி.”

டீக்குக் காசை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எட்டு மாதமாக ஒரு பொய்யை வெளியே சொல்லாமல் சுமந்தேன். உண்மையைச் சொன்னதும் அதுதான் பொய் என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து படுத்தேன். மறுநாள் கடை போடவில்லை. ரேஷன் கடைக்குப் போகலாம் என்று கார்டு உறையை எடுத்தேன். கார்டோடு சேர்ந்து அது வந்தது.

பங்குனி வெயில், வீட்டுக்குள்ளே அனல். பக்கத்தில் இருந்த கார்டு காய்ந்து மொரமொரவென்று இருந்தது. ரசீது மட்டும் சொதசொதவென்று, இப்போதுதான் சாரலில் நனைந்த மாதிரி இருந்தது. விரலில் ஈரம் ஒட்டியது. நம்பரும் பெயரும் கலையாமல் இருந்தன. பிளாஸ்டிக் உறையில் வேர்த்திருக்கும் என்று வக்கீல் குமாஸ்தா சொல்கிறார். இருக்கலாம். கார்டு ஏன் வேர்க்கவில்லை என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

வாசுதேவநல்லூர் பஸ்ஸில் ஏறி, விசாரித்து விசாரித்துப் போனேன். வழி கேட்பதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது. மடியில் முறத்தை வைத்து அவள் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழவில்லை. நான் ரசீதை முறத்தில் வைத்தேன்.

உள்ளே போய் நகலை எடுத்து வந்தாள். நம்பரை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டு தடவை பார்த்தாள்.

“இதைத்தான் அவரு சட்டைப் பையில எல்லாம் தேடினேன்” என்றாள்.

“என்கிட்டதாம்மா இருந்துச்சு.”

“அப்ப அன்னைக்கு அவரு வரல.”

“வரல.”

“கையெழுத்து?”

“அது எனக்குத் தெரியலம்மா. கை என்னுதுதான்.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். முறத்தில் இருந்த பீடிகளைக் கட்டுக் கட்டாக அடுக்கி முடித்தாள். பிறகு, “ஸ்டேஷன்ல அந்தப் போட்டோவைக் காட்டச் சொல்லணும். நீங்க வந்து சொல்லுவீகளா?” என்று கேட்டாள்.

வருகிறேன் என்றேன். என் பெயரில் நான் சொன்ன முதல் வாக்கு அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் குமாஸ்தாவின் வக்கீலம்மா மனு எழுதினார். நான் சொன்னதை எல்லாம் தனியாக எழுதி, கீழே என் பெயரைப் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஃபைலைத் திறந்தார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லையாம். நீலக் கட்டச் சட்டை தெரிந்ததாம். இடுப்பு அரைஞாணில் ஒரு சாவி இருந்ததாம். அந்தச் சாவி கோர்ட்டுச் சொத்து அறையில் ஓர் உறைக்குள் இருந்தது. அதைத் திரும்ப வாங்க அவள் இன்னொரு மனுப் போட வேண்டியிருந்தது. அதற்கும் ஸ்டாம்பு. இந்தத் தடவை நான் வாங்கிக் கொடுத்தபோது அவள் காசை எண்ணவில்லை.

அது தோட்டத்துப் பம்புசெட் அறையின் சாவி. அவர் வந்து திறப்பார் என்று அந்தப் பூட்டை ஒரு வருஷமாக யாரையும் உடைக்க விடாமல் வைத்திருந்தாள். தோட்டம் தண்ணீர் இல்லாமல் பாதி காய்ந்துவிட்டது. சாவி கிடைத்த மறுநாள் யாரிடமோ போன் வாங்கி என்னைக் கூப்பிட்டாள்.

“தொறந்துச்சு அண்ணாச்சி” என்றாள். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் வைக்கும் வரை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் வண்டியை எடுத்துவிட்டார்கள். இப்போது குத்துக்கல்வலசையில் வீட்டு வாசலிலேயே டீ போடுகிறேன், புதிதாக வீடு கட்டுகிற கொத்தனார்கள் வருகிறார்கள். ஏட்டுக்கு விசாரணை நடக்கிறது. ஒரு நாள் வந்து டீ குடித்தார். “சீனி கம்மிலே” என்றார். அவ்வளவுதான்.

என் மேல் கேஸ் பதிந்திருக்கிறார்கள். நாளைக்கு முதல் வாய்தா. ஒப்புக்கொள்ளப்போகிறேன் என்று வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஜெயிலை நினைத்து எனக்கு அவ்வளவு பயம் இல்லை. வேறு ஒன்றுதான் பயம். டவாலி என் பெயரைக் கூப்பிடுவார். எனக்குத் தொண்டை அடைக்கும். மூன்றாவது தடவை கூப்பிட்டு முடிப்பதற்குள் வேறு யாராவது “இருக்கேன்” என்று சொல்லிவிட்டால்? நான் ஏறும்போது பலகை ஈரமாக இருந்தால்?

இதை அவளிடம் மட்டும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“முதப் பஸ்ஸுக்கே வந்துருதேன். ஒங்க பேரைக் கூப்பிடும்போது தூணுகிட்ட நிப்பேன். வாரது நீங்கதான்னு சொல்ல ஒரு ஆளு வேண்டாமா?” என்றாள்.

எல்லாம் எழுதிவிட்டேன். கீழே என் பெயரைப் போட்டிருக்கிறேன். எழுத்து மேலே ஏறித்தான் இருக்கிறது. அடியில் கோடு இல்லை.

ஆவணி 9, ஞாயிற்றுக்கிழமை.